கடைசி பத்தியில் ஒரு பெயர்

சூளூர்பேட்டையில் பத்திரிகைகளுக்கான குறிப்புகள் இரண்டு விதமாகப் புழங்குகின்றன. ஒன்று, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது இஸ்ரோ வெளியிடுவது. பி.எஸ்.எல்.வி. என்றால் உயரம் 44 மீட்டர், எடை 320 டன், அடுக்குகள் நான்கு. எந்த அடுக்கில் திட எரிபொருள், எதில் திரவ எரிபொருள், எத்தனையாவது வினாடியில் எது கழன்று விழும் என்று எல்லாம் அதில் இருக்கும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது வந்த விவரங்களில் ‘மாபெரும்’ என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. 3,900 கிலோ எடையுள்ள ஒரு பொருளை நிலவுக்கு அனுப்புகிறவர்களுக்கு அடைமொழி தேவைப்படவில்லை.

இன்னொன்று, எங்கள் ஊர் இசைக் கலைஞர்கள் தயாரிப்பது. நாதஸ்வரக்காரர்கள், பஜனைப் பாடகர்கள், பறைக் குழுக்கள், யூடியூபில் சொந்தப் பாட்டு போடும் இளைஞர்கள். இவர்களின் குறிப்பு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: இசைப் பேரொளி, நாத சக்கரவர்த்தி, கான கலாரத்னா. மூன்று வரி தாண்டினால்தான் பெயர் வரும். பிறந்த ஆண்டு இருக்காது, குருவின் பெயர் இருந்தால் உண்டு. அடுத்த கச்சேரி என்றைக்கு, எந்த ஊரில் என்பது மட்டும் கட்டாயம் இருக்காது.

பத்திரிகை வேலையோடு மொழிபெயர்ப்பும் செய்கிறவன் என்பதால் இந்த இரண்டாவது வகைக் குறிப்புகள் என்னிடம் வருகின்றன. எல்லையோர ஊர் இது. சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில் இங்கேதான் கடைசியாக நிற்கும். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தோம், இப்போது திருப்பதி மாவட்டம். கடைத்தெருவில் தெலுங்கில் தொடங்கிய பேரம் தமிழில் முடியும். அதனால் ஒரு கலைஞருக்குக் குறிப்பு மூன்று மொழிகளில் வேண்டும். திருப்பதிக்குத் தெலுங்கு, சென்னைக்குத் தமிழ், வெளிநாட்டுச் சங்கங்களுக்கும் இணைய நிறுவனங்களுக்கும் ஆங்கிலம்.

இவர்களைச் ‘சுயாதீன இசைக் கலைஞர்கள்’ என்று இப்போது அழைக்கிறார்கள். சினிமாக் கம்பெனியோ, கேசட் நிறுவனமோ, மேலாளரோ இல்லாமல் தானே பாடி, தானே பதிவு செய்து, தானே விளம்பரம் தேடிக்கொள்பவர் என்று பொருள். பெயர்தான் புதிது. கோயில் வாசலில் வாசித்து, கல்யாண சீசனை நம்பிக் குடும்பம் நடத்திய நாதஸ்வரக்காரருக்கு எந்தக் காலத்தில் மேலாளர் இருந்தார்? அன்று அவருக்கு விளம்பரம் செய்தது கல்யாணப் பத்திரிகை. ‘இன்னார் குழுவினரின் மங்கள இசை’ என்று அடியில் ஒரு வரி அச்சானால் போதும், ஐந்நூறு வீடுகளுக்குப் போய்ச் சேரும். 1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்த பிறகு இன்னொரு அடையாளமும் சேர்ந்தது. பி, பி-ஹை, ஏ, டாப் என்று வானொலி தரும் தரவரிசை. ஒரு கலைஞரின் குறிப்பில் மற்றவர் சரிபார்க்கக்கூடிய ஒரே தகவலாக இன்றும் பல சமயம் அதுதான் இருக்கிறது.

விளம்பரம் என்பது கலைக்குக் கீழானது என்று நினைப்பவர்கள் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்க வேண்டும். அவர் கணவர் டி. சதாசிவம் ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவைக் கவனித்தவர். ஒரு பெயரை எப்படி, எங்கே, எத்தனை முறை அச்சிட வேண்டும் என்பது அவருக்குத் தொழில். 1941இல் கல்கியும் அவரும் சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கியபோது, அதற்குப் பணம் திரட்டுவதற்காக எம்.எஸ். ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். பாட்டுக்காரர் பத்திரிகையைத் தாங்கினார், பத்திரிகை பாட்டுக்காரரைத் தாங்கியது. அந்தக் குரலுக்கு விளம்பரம் தேவையா என்று கேட்கலாம். தேவையோ இல்லையோ, கிடைத்தது. அதே காலத்தில் அதற்கு வழியில்லாமல் தெருவோடு போன குரல்கள் எத்தனை என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. கணக்கு வைக்க ஒரு துண்டுத்தாள்கூட இல்லை என்பதுதான் விஷயம்.

குறிப்பு எழுதிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். எந்த ஊர்? யாரிடம் எத்தனை வருஷம் கற்றீர்கள்? முதலில் எங்கே வாசித்தீர்கள்? கூட வாசிப்பவர்கள் யார்? இப்போது எதற்காக இந்தக் குறிப்பு? கேட்க எளிதான கேள்விகள்தான். ஆனால் பதில் வாங்குவதற்குள் இரண்டு டீ ஆகிவிடும்.

ஒரு நாதஸ்வரக்காரர் பதினான்கு பட்டங்களின் பட்டியலோடு வந்தார். பாதிக்கு மேல், நன்கொடை வாங்கிக்கொண்டு பட்டம் தரும் அமைப்புகள் கொடுத்தவை. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். தினப்படி வாழ்க்கை என்ன என்று விசாரித்தேன். ஒரு கோயிலில் இருபத்திரண்டு வருஷமாக விடியற்காலையில் பூபாளமும், இரவு நடை சாத்தும்போது நீலாம்பரியும் வாசிக்கிறாராம். காய்ச்சல் நாட்களிலும் போயிருக்கிறார். பட்டியலில் இது இல்லையே என்றேன்.

“அதுல என்ன சார் எழுத இருக்கு? அது தினமும் நடக்கறதுதானே” என்றார்.

எழுத இருந்தது அது ஒன்றுதான். பட்டங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இருபத்திரண்டு வருஷத்தை முதல் வரியாக்கினோம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. “மத்தவங்க நோட்டீஸ் பக்கத்துல வெச்சா நம்மளது மெலிசா தெரியுது சார்” என்றார். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் ‘சக்கரவர்த்தி’ என்று போட்டுக்கொள்ளும் இடத்தில் பதினோராவது ஆள் வெறும் பெயரோடு நின்றால், தகுதி குறைந்தவராகத்தான் விழாக் கமிட்டிக்குத் தெரியும். கமிட்டி அதை வைத்தே சன்மானத்தைப் பேசும். ஆகவே அடைமொழிகளை வெறும் தற்பெருமை என்று நான் ஒதுக்குவதில்லை. அவை ஒரு விலைப்பட்டியலின் பகுதி.

பட்டங்களிலும் மரியாதைக்குரிய கதைகள் உண்டு. விஜயவாடாவில் எட்டு வயதுப் பையனாக முரளிகிருஷ்ணா முழுக் கச்சேரி செய்தபோது, கேட்டு வியந்த ஹரிகதை வித்வான் முசுனூரி சூரியநாராயணமூர்த்தி பாகவதர் அவர் பெயருக்கு முன்னால் ‘பால’ என்று சேர்த்தார். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 2016இல் தன் 86ஆவது வயதில் மறைந்தபோதும் அவர் பாலமுரளிகிருஷ்ணாதான். கேட்டவர் மனமுவந்து கொடுத்தது நின்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கியது சால்வையோடு பெட்டிக்குள் போகிறது.

அடைமொழி இல்லாமல் ஒரு கலைஞரின் குறிப்பை எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தில் ஓங்கோல் அருகே கரவடியில் 1924இல் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர்ப் பாணியைக் கற்பதற்காக நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சேர்ந்தார். பிறகு ரங்கநாதர் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1977இல் பத்மஸ்ரீ, 1998இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி. 1999இல் மறைந்தார். இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனாலும் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு மொழி, ஒரு மதம், ஒரு மாநிலம் என்று நாம் போட்டு வைத்த வேலிகளை அந்த மனிதர் எத்தனை முறை தாண்டினார் என்று விவரங்களே சொல்லிவிடுகின்றன.

மூன்று மொழிகளில் எழுதும்போது சங்கடம் வேறு விதம். தமிழில் ‘அவர்கள்’ போட்டால் மரியாதை. தெலுங்கில் ‘காரு’ இல்லாவிட்டால் அவமரியாதை. ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை. வித்வான் மொட்டையாக நிற்பார். தமிழில் நாதஸ்வரம், தவில். தெலுங்கில் சன்னாயி, டோலு. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு குழல், ஏதோ ஒரு மேளம். ஆங்கிலக் குறிப்பில் கருவியின் பெயரை அப்படியே வைத்து, அது என்ன என்று ஒரு வரி விளக்கம் எழுதுவது என் வழக்கம்.

பறைக்கு வந்தால் இது சொல் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், நண்பர்கள் நாலு பேரோடு குழு வைத்திருப்பவன், குறிப்பு கேட்டு வந்தான். ஆங்கிலத்தில் ‘தாளவாத்தியக் குழு’ என்று பொருள்படும்படி போட வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டேன்.

“பறைன்னு போட்டா எங்க ஊர்ல சாவு வீட்டுக்குத்தான் சார் கூப்பிடுவாங்க.”

“தமிழில்?”

“தமிழ்ல பறைன்னே போடுங்க. மெட்ராஸ்ல இப்ப அதுதான் கெத்து.”

ஒரே தோல், ஒரே குச்சி. ரயிலில் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் பெருமை, ஊருக்குள் இழிவு, ஆங்கிலத்தில் மறைவு. தெலுங்கில் அதற்கு ‘டப்பு’ என்று பெயர் இருக்கிறது, டப்புக்கும் இதே கதைதான். நெடுநேரம் பேசினோம். கடைசியில் முடிவு அவனுடையதாக இருந்தது: மூன்று மொழியிலும் பறை. வேப்பமரச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய தோல், ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி, வாசிக்கும் முன் தீயில் காட்டிச் சுருதி ஏற்றுவது என்று நாலு வரியில் விவரித்தோம். அந்தக் குறிப்பு போன பிறகு வந்த முதல் அழைப்பு ஒரு கல்லூரி விழாவுக்கு. இரண்டாவது, அவன் பயந்தபடியே சாவு வீட்டுக்கு. இரண்டாவதை மறுத்துவிட்டான். மறுத்ததற்காக வீட்டில் பெரியவர்களிடம் பேச்சு வாங்கினான். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர்கள் அவனைப் படிக்க வைத்தார்கள். ஒரு துண்டுக் குறிப்பில் எந்தச் சொல்லைப் போடுவது என்பது, ஒரு வீட்டுக்குள் இப்படி எல்லாம் போய் நிற்கும்.

சொல்லைப் போலவே, எந்தப் பெயர் எங்கே வருகிறது என்பதும் சின்ன விஷயம் அல்ல. தமிழ்ச் சுயாதீன இசை உலகம் முழுதும் கேட்ட ஒரு பாட்டைச் சுற்றி நடந்ததைப் பலரும் அறிவார்கள். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியானது. தீயும் அறிவும் பாடியது, அறிவின் வரிகள், சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அதை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, பாட்டின் பெயரைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. அதில் தீ இருந்தார், வேறொரு பாடலுக்காக ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பிறகு அறிவை வைத்து இணையத்துக்கென இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. பாட்டை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அவர் எழுதினார், மற்ற இருவரும் தங்கள் தரப்பை எழுதினார்கள். அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் சொன்னார்.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என் தொழிலுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கோடிக்கணக்கானவர் கேட்ட பாட்டிலேயே, எழுதியவர் முகம் ஒரு அட்டைப்படத்தில் விடுபட முடிந்தது. சூளூர்பேட்டைத் தவில்காரரின் கதி என்ன ஆகும்?

அதுவும் தெரிந்த கதைதான். ஒரு முறை, நாலு பேர் கொண்ட குழுவின் குறிப்பை ஒரு நாளிதழுக்கு அனுப்பியிருந்தோம். முக்கியக் கலைஞரைப் பற்றி மூன்று பத்தி. தவில், ஒத்து, தாளம் வாசித்தவர்களின் பெயர்கள் கடைசி பத்தியில், வழக்கப்படி. இடம் போதாமல் அங்கே கடைசி பத்தியை வெட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரனாக எனக்கு அது புரியும், செய்தியை எப்போதும் கீழிருந்துதான் வெட்டுவார்கள். ஆனால் மறுநாள் அந்தத் தவில்காரர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். கோபமாகப் பேசவில்லை. “போட்டோவுல நான் இருக்கேன் சார். யாருன்னுதான் தெரியல” என்றார்.

கச்சேரிக் குறிப்புகளில் பக்கவாத்தியம் கடைசியில் வருவது நூறாண்டுப் பழக்கம். அது மரபு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது சிலர் எழுந்து காப்பி குடிக்கப் போகிறார்களே, அதுவும் மரபுதான். இப்போது என்னிடம் வரும் எந்தக் குறிப்பிலும் எல்லார் பெயரும் முதல் பத்தியில். இதற்கு ஒப்பாத முக்கியக் கலைஞர்கள் உண்டு. அவர்கள் வேறு ஆளிடம் போகலாம், போயிருக்கிறார்கள்.

பெயரோடு பணமும் வருகிறது என்பதை இளைஞர்கள் வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டி பங்கை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் பிறர் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது. அதை வசூலித்துப் பகிர்வதற்கு 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. ஆனால் சட்டமும் சங்கமும் பெயர்ப் பதிவை வைத்துத்தான் நகரும். பாட்டை இணையத்தில் ஏற்றும் அன்று எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர் என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பாமல் விட்டால், பின்னால் வரும் சில்லறைக் காசுகூட வழி தெரியாமல் நிற்கும். ஸ்பாட்டிஃபையில் புதுப் பாட்டை அவர்கள் தொகுப்பாளர் பார்வைக்கு அனுப்ப வேண்டுமானால், வெளியாவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் விவரங்களைத் தர வேண்டும். கல்யாண மேளத்துக்கு முதல் நாள் இரவு ஆள் சொல்லி அனுப்பும் நம் பழக்கம் அங்கே செல்லாது.

மற்றவை எளிய காரியங்கள். ஐம்பது சொல்லில் ஒரு குறிப்பு, முந்நூறு சொல்லில் ஒன்று. உபஆசிரியருக்கு வெட்டும் வேலை இல்லாவிட்டால் தவறும் குறையும். ஒரு அகலப் படம், ஒரு நெட்டுப் படம், செல்போனில் சுருங்காத அசலாக. படத்தில் இருப்பவர்களின் பெயர், இடமிருந்து வலமாக. மேடைக்கு எத்தனை மைக் வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு தாள். யாராவது எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண். இவ்வளவுதான் ‘பிரஸ் கிட்’. பெயர் கேட்டு மிரள வேண்டியதில்லை.

பொய் வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். ‘உலகிலேயே முதன்முறையாக’ என்ற வரியை எந்த ஆசிரியரும் நம்புவதில்லை. வாங்கின பார்வை எண்ணிக்கையை அதே வீடியோவின் கீழே இருக்கும் நாலு கருத்துகள் காட்டிக் கொடுக்கும். இப்போது கம்ப்யூட்டரே நொடியில் குறிப்பு எழுதிக் கொடுக்கிறது. படித்துப் பார்த்தால், நம் பழைய நோட்டீஸின் சக்கரவர்த்திகள் எல்லாரும் ஆங்கில உடையில் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருடைய வாழ்க்கைக்கும் பொருந்தும் குறிப்பு யாருடையதும் அல்ல. இருபத்திரண்டு வருஷம் பூபாளம் வாசித்ததை அந்தக் கலைஞரே விஷயமாக நினைக்காதபோது, எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

நல்ல குறிப்பு ஒருவரை நல்ல கலைஞர் ஆக்கிவிடாது. சுமாரான பாடகர் பளபளப்பான தாளோடு மேடை ஏறுவதும், அபாரமான வாசிப்பு யாருக்கும் தெரியாமல் ஊரோடு அடங்குவதும் தொடர்ந்து நடக்கும். ஆனால் இந்தத் தாள்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நாளைக்கு இந்தப் பகுதியின் இசையைப் பற்றி எழுத வருகிறவருக்குக் கிடைக்கப்போகும் ஆவணம் அநேகமாக இவைதான். அதில் பதினான்கு பட்டம் இருந்து ஒரு தேதி இல்லாவிட்டால், அவர் என்ன எழுதுவார்?

விழாக் கமிட்டிகளுக்கும் சபாக்களுக்கும் என் சக பத்திரிகைக்காரர்களுக்கும் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. இடம் இல்லையென்றால் பாராட்டை வெட்டுங்கள், ‘சிறப்பாக நடைபெற்றது’ என்பதை வெட்டுங்கள், தலைமை தாங்கியவர் பெயரைக்கூட வெட்டலாம். வாசித்தவர் பெயரை விட்டுவிடுங்கள், அது இருக்கட்டும்.